நார்னியா கதையில் வரும் டர்கிஷ் டிலைட் நிஜமாகவே இருக்கிறதா? 166 பவுண்டு செலவழித்து நான் தெரிந்துகொண்டது

போன ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி, போர்வைக்குள் புத்தகம் படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அம்மா, டர்கிஷ் டிலைட்னு ஒண்ணு நிஜமா இருக்கா, இல்ல கதைக்காகச் சும்மா சொன்னதா?" அவளுக்கு ஒன்பது வயது. கையில் இருந்தது சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதையான 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. நான் கும்பகோணத்தில் வளர்ந்தவள். அந்தக் கதையை அதுவரை படித்ததில்லை. இருந்தாலும் அந்தப் பேரைக் கடையில் எங்கோ பார்த்த ஞாபகத்தில், "இருக்கு கண்ணு, வாங்கித் தரேன்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவள் வகுப்பில் போய், புத்தக தினத்தன்று எங்கம்மா நிஜமான டர்கிஷ் டிலைட் கொடுத்தனுப்புவாங்க என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். இங்கிலாந்துப் பள்ளிகளில் மார்ச் முதல் வாரத்தில் புத்தக தினம் வரும். பிள்ளைகள் பிடித்த கதாபாத்திரம் போல வேஷம் போட்டுக்கொண்டு போவார்கள். இவள் வெள்ளை சூனியக்காரியாகப் போவது என்று முடிவு. கையில் மிட்டாய் டப்பா இருந்தே ஆக வேண்டும்.

எனக்கு ஏழு வாரம் இருந்தது. கணவர் வேலை விஷயமாக ஆறு மாதம் ஸ்காட்லாந்தில் இருந்தார். லண்டன் ஹாரோவில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். இதைப் பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவு அலைச்சலே இல்லை. கேட்கத் தோன்றவில்லை. மிட்டாய் வாங்குவதற்கு யாரிடம் யோசனை கேட்பார்கள்?

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் லண்டன் மேல் குண்டு விழுகிறது என்று நான்கு பிள்ளைகளைக் கிராமத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே ஒரு துணி அலமாரிக்குள் புகுந்தால் பனி மூடிய வேறோர் உலகம். அதற்குள் போன எட்மண்ட் என்ற பையனைச் சூனியக்காரி பிடித்துக்கொண்டு, சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்கிறாள். அவன் டர்கிஷ் டிலைட் என்கிறான். ஒரு குப்பியிலிருந்து ஒரு சொட்டைப் பனியில் விடுகிறாள், பச்சைப் பட்டு நாடா கட்டிய வட்டப் பெட்டி ஒன்று வந்துவிடுகிறது. உள்ளே பவுண்டு கணக்கில் மிட்டாய். அது மந்திரம் போட்ட மிட்டாய். ஒன்று தின்றால் இன்னொன்று வேண்டும் வேண்டும் என்றே இருக்கும். அதற்காக அந்தப் பையன் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கத் துணிகிறான். அந்த அத்தியாயத்தை நானும் அன்று ராத்திரி படித்தேன். எனக்கே வாயில் எச்சில் ஊறியது.

சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பேர் போட்ட சாக்லேட் நான்கு கிடைத்தது. மூன்று பவுண்டு. உறையைப் பிரித்தால், வெளியே பால் சாக்லேட், உள்ளே கருஞ்சிவப்பாக ஜெல்லி மாதிரி ஒன்று. சாக்லேட் பூசிய இந்த வகை இங்கே 1914லிருந்தே விற்கிறது என்பதும், இங்கே நிறைய பேருக்கு டர்கிஷ் டிலைட் என்றால் இதுதான் ஞாபகம் வரும் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மகள் ஒரு கடி கடித்தாள். மெதுவாக மென்றாள். மீதியை உறைக்குள்ளேயே வைத்துவிட்டு, "இதுக்காகவா எட்மண்ட் எல்லாரையும் காட்டிக்கொடுத்தான்?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. ஏமாந்த குரல். நான் இவ்வளவு தூரம் இறங்கினேன் என்றால் அந்தக் கேள்விக்காகத்தான். குழந்தை ஒரு புத்தகத்தை அப்படியே நம்பியிருக்கிறாள், அந்த நம்பிக்கை ஒரு மட்டமான ஜெல்லியால் போய்விடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

அன்றே தேடிப் படித்தேன். அந்த மிட்டாயின் சொந்தப் பேர் லொகும். 'தொண்டைக்குச் சுகம்' என்று பொருள்படும் 'ராஹத் அல் ஹுல்கும்' என்ற அரபுத் தொடர் தேய்ந்து தேய்ந்து லொகும் ஆனது. 1777இல் காஸ்தமொனு பக்கத்திலிருந்து இஸ்தான்புல் வந்த பெகிர் எஃபெண்டி என்ற மிட்டாய்க்காரர் பாஹ்செகாப்பி பகுதியில் கடை போட்டார். ஹஜ் போய் வந்த பிறகு ஹாஜி பெகிர் ஆனார். அந்தக் கடை இன்னும் அவர் வம்சத்தின் கையில் நடக்கிறது. அதற்கு முன்னால் தேனும் திராட்சைப் பாகும் மாவும் சேர்த்துக் கிளறிய பண்டம், வெள்ளைச் சர்க்கரையும் ஸ்டார்ச் என்னும் மாவுச்சத்தும் வந்த பிறகு இப்போதைய உருவத்துக்கு வந்தது. இங்கிலாந்துக்கும் அது புதிதல்ல. 1870இல் டிக்கன்ஸ் எழுதிய கடைசி நாவலிலேயே இந்த மிட்டாய்க் கடைக்கு ஒரு பெண் போகிறாள்.

இன்னொன்றும் படித்தேன். அது எனக்கு மிட்டாயைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது. நாவல் வெளிவந்தது 1950இல். அப்போது பிரிட்டனில் மிட்டாய்க்கு ரேஷன். 1942 ஜூலையில் ஆரம்பித்து, 1949இல் சில மாதம் எடுத்துப் பார்த்து, கடைகளில் சரக்கு தாங்காமல் மறுபடி கொண்டுவந்து, 1953 பிப்ரவரியில்தான் ஒழித்தார்கள். ஒரு ஆளுக்கு நான்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். ஒரு பவுண்டே 454 கிராம். அந்தக் காலத்துக் குழந்தை ஒன்று இந்தக் கதையில் 'பவுண்டு கணக்கில் மிட்டாய்' என்று படிக்கும்போது மாதக்கணக்கான பங்கு ஒரே பெட்டியில் கண் முன்னால் வந்து நிற்கிறது. இதை மகளிடம் சொன்னபோது அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அவன் கெட்டவன் இல்ல. பாவம், ரொம்ப நாளா சாப்பிடல" என்றாள். உங்கள் பிள்ளையும் இதே கேள்வியைக் கேட்டால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் இந்த ரேஷன் கதையைச் சொல்லிவிடுங்கள். அதற்குக் காசு இல்லை.

நான் கடைக்குத்தான் ஓடினேன். அதாவது ஆன்லைனில். அழகான வட்டப் பெட்டி, பச்சை நாடாகூட இருந்தது. 23 பவுண்டு. பெட்டியைப் பார்த்து வாங்கினேன், உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. பொருள் வந்ததும் தம்பிக்காரன், ஆறு வயது, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுவிட்டான். அதற்கப்புறம்தான் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். ஜெலட்டின். நாங்கள் சைவம். ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. அவன் அதை விழுங்கி முடித்திருந்தான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சமையலறையில் நின்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உணவுப் பொருள் என்பதால் திருப்பி எடுக்க முடியாது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் வலித்தது, முறையாகச் செய்த லொகுமில் ஜெலட்டினுக்கு வேலையே இல்லை என்பதுதான். சர்க்கரை, தண்ணீர், சோள ஸ்டார்ச், கொஞ்சம் புளிப்பு, மணம். அவ்வளவுதான். ஜெலட்டின் போடுவது நேரத்தை மிச்சம் பிடிக்க. ஸ்டார்ச்சை நின்று கிளற வேண்டிய வேலையை ஜெலட்டின் சில நிமிஷத்தில் முடித்துக்கொடுத்துவிடும். அதனால் வாங்குவதற்கு முன் உட்பொருள் பட்டியலைப் பெரிதாக்கிப் படியுங்கள். படம் மட்டும் போட்டு பட்டியல் போடாத கடையை விட்டுவிடுங்கள். துருக்கி மொழியில் எழுதியிருந்தால் 'ஷெகெர்' சர்க்கரை, 'நிஷாஸ்தா' ஸ்டார்ச், 'ஜெலாத்தின்' நமக்கு ஆகாதது. சிவப்பு நிறத்துக்கு ஈ120 என்று போட்டிருந்தால் அது கார்மைன், ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. அதையும் சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

சரி, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். அல்வா கிளறுகிற ஊர்க்காரிக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். உண்மையில் இதன் நெருங்கின சொந்தம் நம் எல்லோருக்கும் தெரிந்த பம்பாய் அல்வாதான், அந்த ரப்பர் மாதிரி இழுபடுகிற சோள மாவு அல்வா. அதில் நெய்யும் முந்திரியும் உண்டு. லொகுமில் நெய் கிடையாது. நெய் இல்லாததால் ஒட்டாமல் சுருண்டு வரும் அந்தப் பதத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

முதல் தடவை பாகு காய்ச்சி மாவுக் கூழில் விட்டு இருபது நிமிஷம் கிளறினேன். பளபளவென்று இருந்தது, இறக்கிவிட்டேன். காலையில் தட்டில் பார்த்தால் கஞ்சி கொஞ்சம் கெட்டியானது போல. கத்தி போட்டால் கத்தியோடு வந்தது. இரண்டாம் தடவை பாகை நன்றாக முறுகவிட்டேன். ஆறினதும் மணல் மணலாகப் பூத்துப்போனது. கல் மாதிரி ஆன பாகைச் சுரண்டி எடுக்க முடியாமல் 26 பவுண்டு கொடுத்து வாங்கிய கடாயையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏண்டி, பாகு பூக்காம இருக்க ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் பிழியணும்னு உனக்குத் தெரியாதா? குலாப் ஜாமூனுக்குப் பிழியறது எதுக்குன்னு நெனச்சே?" என்றாள். லொகுமை வாழ்க்கையில் பார்த்திராதவள். ஆனால் விஷயம் அதேதான். புளிப்பு சேர்ந்தால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும், பிறகு மறுபடி கட்டி சேராது. துருக்கியில் இதற்காகத்தான் சிட்ரிக் ஆசிட்டோ, க்ரீம் ஆஃப் டார்டர் என்ற புளிப்புப் பொடியோ போடுகிறார்கள்.

மூன்றாம் தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். பாகைக் கூழில் சாய்க்கும்போது ஒரு துளி தெறித்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. கொதிக்கிற தண்ணீரைவிட இது மோசம். தண்ணீர் வழிந்து ஓடிவிடும், பாகு பிடித்துக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். குழாயடியில் கையை நீட்டி முழுசாக இருபது நிமிஷம் தண்ணீர் ஓடவிட்டேன். பற்பசை, ஐஸ் எதையும் வைக்கக் கூடாது. பிள்ளைகளைச் சமையலறைக்குள் விடாமல் இருந்தது ஒன்றுதான் அன்று நான் செய்த உருப்படியான காரியம். தழும்பு இன்னும் ஒரு பருப்பு அளவுக்கு இருக்கிறது. நீளக் கை வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கரண்டி நீளமான மரக்கரண்டியாக இருக்கட்டும்.

நான்காவது தடவை வந்தது. அளவைச் சொல்லிவிடுகிறேன். 2 கப் சர்க்கரை, முக்கால் கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இது பாகுக்கு. தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருகிற உருட்டுப் பதம் வேண்டும். 12 பவுண்டுக்குத் தெர்மாமீட்டர் வாங்கினேன், அதில் 115 டிகிரி செல்சியஸ். இன்னொரு பாத்திரத்தில் அரைக் கப்பும் மேலே 2 மேசைக்கரண்டியும் சோள மாவு (கார்ன்ஃப்ளார் என்கிற சோள ஸ்டார்ச்), ஒன்றரைக் கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி க்ரீம் ஆஃப் டார்டர். கட்டியில்லாமல் கரைத்து, கூழாகக் காய்ச்சி, அதில் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அப்புறம்தான் நிஜமான வேலை. மிகச் சின்னத் தீயில் ஒரு மணி நேரம். வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி ஆகும், பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிந்து மூட வேண்டும். நாற்பதாவது நிமிஷத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். இருபது நிமிஷத்திலேயே இறக்கியதால்தான் முதல் தடவை தோற்றேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

இறக்கும்போது பன்னீர், அதாவது ரோஜாத் தண்ணீர். இதில் ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் கிடைக்கும் பன்னீர் பாட்டில்கள் சில முகத்துக்குப் பூச, சாமிக்குத் தெளிக்க. சாப்பிட அல்ல. சமையலுக்கானது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு மேசைக்கரண்டிக்குள் நிறுத்துங்கள், கூடினால் சோப்புக் கட்டி மணம்தான். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி ஒரு ராத்திரி வெளியிலேயே விடுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வியர்த்துக் கொட்டும். வில்லை போட்ட பிறகு வெறும் சர்க்கரைப் பொடியில் புரட்டினால் அது ஈரத்தை இழுத்து ராத்திரிக்குள் பாகாகிவிடும். பொடித்த சர்க்கரையோடு சோள மாவையும் கலந்து புரட்ட வேண்டும்.

காலையில் ஒரு வில்லையை விரலால் அமுக்கினேன். உள்ளே போய் மெதுவாக எழும்பி வந்தது. மகள் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பல்லில் ஒட்டவில்லை, மெல்ல மெல்லக் கரைந்தது. "இதுவா இருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

புத்தக தினத்தன்று காலை, வட்டப் பெட்டியில் முப்பது வில்லை அடுக்கி, பச்சை நாடா கட்டி, வெள்ளை கவுனில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளி வாசலில் பெட்டியை வாங்க மறுத்துவிட்டார்கள். வீட்டில் செய்த தின்பண்டம் வகுப்பில் கொடுக்க அனுமதியில்லை, கொட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், இதில் என்ன சேர்த்திருக்கிறது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். நான் கொட்டை ஒன்றும் போடவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பு என்ன? வேறொரு குழந்தையின் உயிர் அது. கேட்காமல் போனது என் பிழை. அவள் வெறுங்கையோடு உள்ளே போனாள். நான் காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்கு எதையாவது கொடுத்தனுப்ப நினைத்தால் முதல் நாளே பள்ளியில் கேளுங்கள். பெரும்பாலும் கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத, உட்பொருள் அச்சிட்ட பொட்டலத்தைத்தான் ஏற்பார்கள். பிரிட்டனில் பாக்கெட் உணவின் உட்பொருள் பட்டியலில் அலர்ஜிப் பொருள்களைத் தனியாகத் தெரியும்படி போட வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் தடித்த எழுத்தில் போடுவார்கள். பிஸ்தா சேர்த்திருக்கிறதா என்று பார்க்க அது உதவும்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஏப்ரல் விடுமுறைக்கு எங்காவது போகலாம் என்றபோது மகள் இஸ்தான்புல் என்றாள். கணவரால் ஸ்காட்லாந்திலிருந்து வர முடியவில்லை. பிள்ளைகளோடு நானே போனேன், நான்கு நாள். எமினோனுவில் இருக்கிற எகிப்துச் சந்தை என்னும் மசாலாச் சந்தைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் மலைமலையாக லொகும். மாதுளை நிறம், பிஸ்தா பதித்தது, தேங்காய்த் துருவலில் புரட்டியது, கை தடிமனுக்கு உருளையாகச் சுற்றியது. ஒரு கடையில் டீ கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாக வெட்டி ருசி பார்க்கக் கொடுத்தார்கள். பேசிக்கொண்டே பெட்டியில் நிரப்பிக்கொண்டும் இருந்தார்கள். தராசில் வைத்தபோது ஒரு கிலோ அறுநூறு கிராம். அட்டையில் போட்டிருந்த விலையை நான் அரைக் கிலோவுக்கு என்று நினைத்திருந்தேன். அது நூறு கிராமுக்கு. அத்தனை உபசரித்தவர்களிடம், பிள்ளைகள் முன்னால், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கார்டைக் கொடுத்தேன். மெஷினில் பவுண்டில் கட்டவா லிராவில் கட்டவா என்று கேட்டதற்குப் பவுண்டு என்று அமுக்கினேன், அதில் வேறு கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். 84 பவுண்டு. அந்த உருளைகளில் பாதி ஊருக்கு வந்த ஒரு வாரத்தில் தோல் மாதிரி ஆகிவிட்டது.

அங்கே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் கிலோ விலையைக் கேளுங்கள், ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு 'கால் கிலோ' என்று எடையைச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தராசில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். டீ குடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கார்டு மெஷினில் எப்போதும் உள்ளூர் பணத்தையே தேர்ந்தெடுங்கள். பால் ஆடை வைத்துச் சுருட்டிய வகை ஒன்று உண்டு, அஃபியோன் பக்கம் அதற்குப் பேர் போனது. அது அன்றன்றைக்கே சாப்பிட வேண்டியது, ஊருக்குச் சுமக்காதீர்கள்.

மறுநாள் பாஹ்செகாப்பிக்கு நடந்தே போனோம், சந்தையிலிருந்து சில நிமிஷம்தான். 1777ஆம் வருஷத்துக் கடை. ரோஜா லொகும் மட்டும் கால் கிலோ வாங்கினேன். கண்ணைப் பறிக்கிற நிறம் இல்லை, வெளிறின ரோஜா நிறம். கடைக்கு வெளியே நடைபாதையில் நின்றே தின்றோம். மகளின் கறுப்பு கோட்டு முன்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. மூன்றாவது வில்லையை எடுத்தபோது என்னைப் பார்த்து, "அம்மா, நம்ம வீட்டுல செஞ்சது கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருந்துது" என்றாள். தெருவில் நின்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு, ஜூனில், வேறு வேலையாக வடக்கு லண்டனில் ஹாரிங்கே கிரீன் லேன்ஸ் பக்கம் போனேன். தெரு நெடுகத் துருக்கிக் கடைகள். ஒரு மளிகைக் கடையில் அரைக் கிலோ ரோஜா லொகும், ஸ்டார்ச் போட்டது, ஜெலட்டின் இல்லாதது, சீல் வைத்த பெட்டி. ஆறு பவுண்டு. ஹாரோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கையில் பெட்டியோடு அங்கேயே நின்றுவிட்டேன். ஜனவரியிலேயே என்னிடம் ஒரு ஆள் இந்தத் தெருப் பேரைச் சொல்லியிருந்தால்! கல்லாவில் இருந்த பாட்டியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று விசாரித்தார். முழுக்கதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் புத்தகம் பள்ளியில் உண்டு என்றார். 'சாதே' என்றால் எதுவும் சேர்க்காதது, 'குல்லு' ரோஜா, 'ஃபிஸ்திக்லி' பிஸ்தா, 'சிஃப்தே காவ்ருல்முஷ்' இரண்டு மடங்கு காய்ச்சி இறுகியது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வீட்டுக்குப் போனதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடாதே, ஈரம் விடும், பொடியோடு அட்டைப் பெட்டியிலேயே வை, அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றார். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஆன்லைனில் தட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் துருக்கி, சைப்ரஸ், கிரேக்கக் கடை இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிரேக்கர்கள் இதை லூகூமி என்பார்கள்.

எல்லாம் கூட்டிப் பார்த்தேன். சாக்லேட் 3, ஆன்லைன் பெட்டி 23, சர்க்கரை மாவு பன்னீர் எல்லாம் சேர்த்து 18, தெர்மாமீட்டர் 12, கடாய் 26, சந்தையில் 84. ஆக 166 பவுண்டு. இதில் இன்னும் உபயோகத்தில் இருப்பது தெர்மாமீட்டர் ஒன்றுதான். சனி ஞாயிறுகள் ஆறு போயின.

வருகிற மார்ச்சுக்குப் பள்ளியில் இப்போதே கேட்டுவிட்டேன். சீல் வைத்த பெட்டி, பட்டியல் அச்சிட்டது, கொட்டை இல்லாதது என்றால் சரி என்று எழுத்தில் பதில் வந்துவிட்டது. கிரீன் லேன்ஸில் ரோஜா வகை மூன்று பெட்டி வாங்கி, இரண்டை மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்றாவது பெட்டி பிரித்தாகிவிட்டது. போன வாரம் மகள் தம்பிக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சூனியக்காரி குப்பியை எடுக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "அம்மா, அந்தப் பெட்டியைக் கொண்டு வாங்க, அப்புறம்தான் மேல படிப்பேன்" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு என்று அவளே எண்ணி வைத்தாள்.